தானாக நின்ற கார்

சிக்னலில் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் வலது கால் ஆக்சிலேட்டரின் மேல்தான் இருந்தது. அப்படியிருந்தும் கார் நாற்சந்தியின் நட்டநடுவில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. என்ஜினும் அணைந்துபோனது.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அதற்கும் பின்னால் வந்தவர்கள், என்ன நடந்தது என்று தெரியாமலேயே, தங்கள் பங்குக்கு அடித்தார்கள்.

"ஏங்க, நடுரோட்டுல ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி. அவளுக்கு நிறைமாதம். முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் நிறுத்தல."

"பின்ன யாரு நிறுத்தினது?"

"அதான் எனக்கும் புரியல."

"ஓட்டுறது நீங்கதானே?"

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. இப்போது இருந்தது.

கார் நின்ற அதே நொடியில், சிவப்பு விளக்கை மதிக்காத ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்கே புகுந்து, காரின் மூக்கை உரசாத குறையாகப் போனான். நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. பஸ்காரர் மறுபடியும் ஹாரனில் கையை வைத்துவிட்டார்.

"நின்னுச்சா இல்லையா, அதைப் பாரும்மா. நிக்கிற வண்டிதான் நல்ல வண்டி" என்று முன்சீட்டிலிருந்த மாமனார் மகளுக்குச் சமாதானம் சொன்னார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். மாடிக் கட்டடங்களில் உள்ள லிஃப்டுகளைச் சோதித்துப் பார்த்து, இதில் ஆள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. போலீஸ் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அவசரப்பட்டுத் திருத்தமாட்டார், அவ்வளவுதான். தானாக நிற்கிற லிஃப்டை அவர் அன்றைக்கே பூட்டி சீல் வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் சொந்தக் கார் நடுரோட்டில் தானாக நின்றால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

அதுவும் அந்தக் கார் முந்தின நாள்தான் கம்பெனி சர்வீஸிலிருந்து வந்திருந்தது. கொஞ்ச நாளாகவே பிரேக் பெடல் சரியில்லை. மிதித்தால் நேராக இறங்காமல், ஆட்டம் கண்ட பல் மாதிரி ஒருபக்கம் சாய்ந்து இறங்கியது. "உள்ளே ஒரு இரும்பு பின் தேஞ்சிருக்கு சார். மாத்திட்டா அசையாது" என்று சொன்னார் கழுத்தில் டை கட்டியிருந்த சர்வீஸ் அட்வைசர். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அது பளபளவென்று கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. பெடல் மட்டும் பழையபடியே ஆடியது.

"புது பின் சார். செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் ஆடும்" என்றார் டைக்காரர்.

கையெழுத்துக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் மரியாதை கொடுத்தே பழகிய மனிதர் இன்ஸ்பெக்டர். நம்பிவிட்டார்.

மாமனாரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பியதும் நிறுத்தியதும் தன் விசில்தான், டிரைவர் சும்மா பேருக்கு உட்கார்ந்திருந்தார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பிறக்கப்போகும் பேரக்குழந்தையைப் பார்க்க மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாப்பிள்ளையின் காரில் முன்சீட்டு அவருக்கு. உட்கார்ந்ததும் தன் கண்டக்டர் தோல்பையைக் காலடியில் வைத்துக்கொள்வார். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"நாய்! மாப்பிள்ளை, நாய்!"

"ஓரமா படுத்திருக்கு மாமா."

"எந்திரிச்சு வந்தா?"

"தூங்குது மாமா."

"தூங்குற நாய்தான் திடீர்னு எந்திரிக்கும். நிறுத்துங்க!"

கத்துவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. பயத்தில் அவர் தரையை உதைத்த உதையில் அந்தப் பக்கத்து மிதியடி நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் சர்வீஸுக்குப் பிறகு அடியோடு மாறிப்போனார். வாயைத் திறப்பதில்லை. இரண்டு முழங்கால்களிலும் கைகளை வைத்துக்கொண்டு, உதட்டில் ஒரு சிரிப்போடு ரோட்டைப் பார்த்தபடி வந்தார். நாற்சந்தியில் நின்ற அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "இத்தனை நாள் கழிச்சாவது என் மனசு உங்களுக்குப் புரிஞ்சுதே" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று இன்ஸ்பெக்டருக்குக் காது சூடாகிவிட்டது.

வீட்டுக்குள் போனதும் மனைவி ஆரம்பித்தாள். "இங்க பாருங்க. இன்னொரு தடவை இந்த வண்டி இப்படி மக்கர் பண்ணுச்சுன்னா, பிரசவத்துக்கு நான் எங்க அண்ணன் கார்லதான் போவேன். சொல்லிட்டேன்."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் குழந்தை. மனைவியைத் தன் காரில், தன் கையால் ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்க வேண்டும் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். எந்த வளைவில் மெதுவாகத் திரும்புவது, எந்தப் பள்ளத்தை ஒதுக்குவது என்றெல்லாம் வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார். அதை மச்சான் வந்து தட்டிக்கொண்டு போவதா? மச்சான் சாதாரண ஆள் இல்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றே, வேலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், "ரிவர்ஸ் எடுக்க வருமா?" என்று கேட்டவர்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். போகிற வழியெல்லாம் கார் பரம சாது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. டாக்டரைப் பார்த்ததும் மறைந்துபோகும் வயிற்றுவலிதான் இது என்று அவருக்குத் தோன்றியது.

"தானா நிக்குதா?" என்றார் டைக்காரர். "எல்லாரும் நிக்க மாட்டேங்குதுன்னுதான் சார் வருவாங்க."

"பச்சை விளக்குல நிக்குதுய்யா. நான் இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரியாதா?"

டைக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். தானே சாவியை வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "வெண்ணெய் மாதிரி போகுது சார். உங்க கால்தான் கொஞ்சம் கனமா இருக்கலாம். ஷூவை மாத்திப் பாருங்க."

அதற்குள் பக்கத்து மேஜையில் ஒரே ரகளை. புதிதாக டிரைவிங் ஸ்கூல் தொடங்கியிருக்கும் மாஸ்டர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். வெளியே நின்ற அவருடைய காரும் அதே மாடல், அதே வெள்ளை.

"நல்லா இருந்த பெடலுக்கு எதுக்குய்யா புது பின் போட்டீங்க? யாரு கேட்டது? நான் செய்யச் சொன்ன வேலை எங்க?"

"செஞ்சாச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது சார்."

"கம்ப்யூட்டர் வந்து என் பசங்களுக்குக் கார் கத்துக்குடுக்குமா?"

தன்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. வண்டியை மறுபடியும் கழுவிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த தடவை மனைவியை டாக்டரிடம் அழைத்துப்போனபோது ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். மாமனார் வழக்கம்போல் முன்சீட்டில். கார் இந்த முறை சொல்லிவைத்தாற்போல வழியிலிருந்த மூன்று தெருவிலும் நின்றது. முதல் தெருவில் ஒரு வீட்டிலிருந்து பந்து உருண்டு வந்தபோது நின்றது. அடுத்ததில் ஒரு லாரி பின்னால் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே நின்றது. கடைசியில் நின்றது ஒரு புறாவுக்காக.

"ஏங்க!" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணுமே பண்ணல! பாரு, காலைத் தூக்கிக் காட்டுறேன்!"

"ஓட்டும்போது காலைத் தூக்கிக் காட்டாதீங்க!"

"அவரை ஏம்மா திட்டுறே? புறாவும் ஒரு உயிர்தானே" என்றார் மாமனார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது. கார் கண்ட இடத்தில் நிற்கவில்லை. எதிரே ஏதாவது வந்தால்தான் நிற்கிறது. வீடு திரும்பியதும் வாசலிலேயே நின்று டைக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆங், அதுவா சார்!" என்றார் டைக்காரர் பிறகு, திடீர் உற்சாகத்தோடு. "அது சாஃப்ட்வேர் அப்டேட். எதிர்ல ஏதாவது வந்தா வண்டியே தானா பிரேக் போட்டுக்கும். வெளிநாட்டு டெக்னாலஜி."

"என் வண்டியில அதெல்லாம் இருக்கா?"

"இப்ப இருக்கு சார்."

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னார். மனைவி நம்பியும் நம்பாமலும் பார்த்தாள். "எல்லாம் மாப்பிள்ளை ஏற்பாடும்மா. வெளியில சொல்லிக்க மாட்டார்" என்று மாமனார் பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணடித்தார். கண் டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் புத்தம்புதுக் காரில் வந்து இறங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, உங்க கார் நினைச்சா ஓடுதாம், நினைச்சா நிக்குதாம்?"

"வாங்க மச்சான், காட்டுறேன்."

வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசியில் சக்கரம் வைத்த ஆளுயரப் பச்சை நிறக் குப்பைத்தொட்டி. அதற்குச் சற்றுத் தள்ளி மச்சானின் கார். மனைவி பால்கனியில் வந்து நின்றாள். மாமனார் வழக்கம்போல முன்கதவைத் திறந்தார்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் நீங்க பின்னாடி உக்காருங்க. மச்சான் முன்னாடி இருந்து பாக்கட்டும்."

மாமனாரின் முகம் மாறியது. "அவனையா முன்னாடி உக்கார வெக்கிறீங்க? அவனுக்கு விவரம் பத்தாதே மாப்பிள்ளை."

"இதுல விவரத்துக்கு என்ன மாமா இருக்கு? எல்லாம் தானா நடக்கும்."

மாமனார் தோல்பையோடு பின்சீட்டில் ஏறினார். இன்ஸ்பெக்டர் வண்டியைக் கிளப்பிக் குப்பைத்தொட்டியை நோக்கி நேராக விட்டார்.

"இப்ப நிக்கும் பாருங்க மச்சான்."

"சரி."

"இதோ, இப்ப நிக்கும்."

"மாப்பிள்ளை, நிக்கலையே!"

"நின்னுடும்!"

மச்சான் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தார். கடைசி நொடியில் இன்ஸ்பெக்டர் தன் பெடலைத் தேடிப்பிடித்து மிதித்தார். அது ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, நிதானமாக வேலை செய்தது. அதற்குள் குப்பைத்தொட்டி கிளம்பிவிட்டது. கிளம்பியது மச்சானின் காரில் போய் முட்டி, திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டியது.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மாமனார் பின்சீட்டிலிருந்து, மிகுந்த வருத்தத்தோடு.

இன்ஸ்பெக்டர் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். மனைவி விரலை நீட்டி, குப்பை வழிந்துகொண்டிருந்த தன் அண்ணனின் காரைச் சுட்டிக்காட்டினாள். அந்த நாற்றமே பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

"குப்பைத்தொட்டியை எல்லாம் அது கணக்குல எடுத்துக்காது சார். உயிர் இருக்கணும்" என்றார் மறுநாள் சர்வீஸ் சென்டரில் டைக்காரர். வண்டியைக் கழுவிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் காரைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையை மனைவி அண்ணன் வந்தால் எடுக்க வசதியாக வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். போகும்போதும் வரும்போதும் அந்தப் பை அவர் கண்ணில் பட்டது. ஆயிரம் லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டவரை, கட்டிய மனைவி நம்பி ஏற மாட்டேன் என்கிறாள்.

ஒரு பகலில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரத்தில், மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க... வலி வந்துடுச்சு."

மாமனார் மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மச்சானின் குரல் வந்தது. "வண்டி என்கிட்ட இல்லப்பா! அந்தக் குப்பை நாத்தம் இன்னும் போகல. மறுபடியும் கழுவக் குடுத்திருக்கேன். குடுத்ததும் பறந்து வந்துடறேன்!"

டாக்சிக்குச் சொன்னார்கள். வருகிறது, வருகிறது என்றது, வரவில்லை. மனைவி கணவனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"நம்ம காரையே எடுங்க" என்றாள்.

அவள் பின்சீட்டில், மாமனார் முன்சீட்டில், தோல்பை காலடியில். இன்ஸ்பெக்டர் வண்டியைக் கிளப்பினார். மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வழிதான். மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவில் அவர் பிரேக்கைத் தேடுவதற்கு முன்பே வண்டி வேகம் குறைந்தது. பள்ளத்துக்கு முன்னால் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அடங்கியது. இந்த ஒரு நாள் மட்டும் காப்பாத்து தாயே, இனிமேல் உன்னைச் சந்தேகப்படவே மாட்டேன் என்று அவர் அந்தக் காரை வேண்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு நல்ல இறக்கம். கீழே கண்ணாடிக் கதவு. கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரோடு ஒரு வார்டு ஆள். கார் இறக்கத்தில் வேகம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் பெடலை மிதித்தார். அது ஒருபக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு டணார் என்று கழன்று அவர் பாதத்தின் மேலேயே விழுந்தது.

கைபிரேக் என்று ஒன்று இருப்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பூப்போல வந்து நின்றது. என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. கண்ணைத் திறந்தபோது, பின்கதவுக்கு நேராக ஸ்ட்ரெச்சர் நின்றுகொண்டிருந்தது.

"இவ்வளவு கரெக்டா யாருமே நிறுத்தினதில்ல சார்" என்றார் வார்டு ஆள்.

இறங்கும்போது மனைவி அவர் தோளை அழுத்திப் பிடித்தாள். வலியில் அவள் முகம் வேர்த்திருந்தது. "நல்லா ஓட்டினீங்க. எங்க அண்ணன்கூட இப்படிக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டாரு."

இதைக் கேட்கத்தானே அத்தனை பாடும். கேட்டபோது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. காலடியில் பெடல் கிடந்தது.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். சிவந்த முகத்தைச் சுளித்துக்கொண்டு அது அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் மனசு மறுபடியும் உறுத்தியது. செய்யாத காரியத்துக்கு வாங்கிய பாராட்டைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றியது.

விறுவிறுவென்று காருக்குப் போய்ப் பெடலை எடுத்துவந்தார். வராந்தா பெஞ்சில் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தாவாகிவிட்ட பூரிப்போடு மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெடலை அவர் கையில் வைத்தார்.

"மாமா, உங்ககிட்ட மட்டும் ஒரு உண்மையைச் சொல்லணும். வண்டியை நான் நிறுத்தல. இறக்கத்துல என் பிரேக் பெடல் கழண்டு கீழ விழுந்துடுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். வண்டி எப்படி நின்னுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மாமனார் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் முதுகைப் பாசத்தோடு தடவிக் கொடுத்தார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மாப்பிள்ளை. எனக்குன்னு என் காலடியில தனியா அவ்வளவு நல்ல பிரேக்கா பாத்துப் போட்டுக் குடுத்தீங்களே, உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக்கக்கூடாதா?"